வாய்ப்புண், முழங்கால், பௌத்திரம்: எல்லாம் ஒரே நோய்தான்

வாய்ப்புண்ணுக்குப் பல் மருத்துவர். முழங்கால் வீக்கத்துக்கு எலும்பு மருத்துவர். ரத்தம் குறைந்ததற்குத் தெருமுனை டாக்டர். ஆசனவாய்ப் பக்கம் வந்த கட்டிக்கு மூலம், பௌத்திரம் பார்க்கும் ஒரு கிளினிக். எனக்கு இருப்பது கிரோன் என்ற குடல் அழற்சி நோய் என்று தெரிவதற்கு முன்னால் இத்தனை பேரிடமும் போய்வந்தேன். ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. குடல் அழற்சி நோயைக் கண்டுபிடிப்பதில் பெரிய சிக்கலே இதுதான் என்பேன். அதனால்தான் கூச்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். முதலில் வந்தது வாய்ப்புண். 2020, ஊரடங்கு நேரம். உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம், வெள்ளைப் படலம் மூடிய சின்னச் சின்னப் புண்கள். ரசம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "உடம்புச் சூடுடி, எண்ணெய் தேச்சுக் குளி" என்றார் அம்மா. மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் வாராவாரம் வீட்டில் உண்டு. ஒரு புண் ஆறும், கொஞ்ச நாளில் வேறு இடத்தில் இன்னொன்று கிளம்பும். பல் மருத்துவர் தடவ ஒரு ஜெல்லும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் கொடுத்தார். வாய்ப்புண் வராத ஆளே கிடையாது என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் முழங்கால். காலையில் எழுந்தால் இடது முழங்கால் பொதபொதவென்று வீங்கியிருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. வலி மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டால் வலி குறைந்தது, வயிறு மட்டும் முன்பைவிட மோசமானது. வலி மாத்திரைகளில் பல குடலையும் புண்ணாக்கக் கூடியவை என்று பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். அதே சமயத்தில் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், சிவந்த கட்டிகள் வந்தன. தொட்டால் உயிர் போகும். கொசுக்கடி என்று நினைக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால் போனில் படம் எடுத்து வைத்தேன். அந்தப் படம் பிறகு மிகவும் உதவியது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. "மாசாமாசம் அதிகமா போகுதாம்மா?" என்பதுதான் டாக்டர் கேட்ட ஒரே கேள்வி. இல்லை என்றேன். இருந்தாலும் இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிட்டார். பெண்ணுக்கு ரத்தம் குறைந்தால் மாதவிடாய்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். மாதவிடாய் ஒழுங்காக இருந்தும், மாத்திரை சாப்பிட்டும், ரத்தம் ஏறவில்லை என்றால் அது எங்கே போகிறது, குடல் சத்தை உறிஞ்சுகிறதா என்று யாராவது கேட்க வேண்டும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கட்டியின் கதை இன்னும் கஷ்டமானது. பேருந்து நிலையச் சுவர்களில் "மூலம், பௌத்திரம், ஆசனவாய் வெடிப்பு" என்று மஞ்சள் எழுத்தில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அப்படி ஓர் இடத்துக்குத்தான், பெண் மருத்துவர் இருக்கிறார் என்பதற்காகப் போனேன். சீழை எடுத்துக் கட்டுப்போட்டார்கள். கட்டி வற்றியது, ஆனால் அந்த இடத்தில் ஒரு துளை தங்கிவிட்டது, அதிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருந்தது. நாப்கின் வைத்துக்கொண்டுதான் நாள் ஓடியது. பௌத்திரம் என்றார்கள், சரி. பௌத்திரம் பலருக்கும் தனியாகவே வரும் என்பதும் உண்மைதான். ஆனால் "வயிறு எப்படி இருக்கு, எடை குறைஞ்சிருக்கா?" என்று அங்கே கேட்டிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். கிரோன் நோய் சிலருக்கு வயிற்றில் தெரிவதற்கு முன்பே அந்த இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

வயிற்றுத் தொந்தரவு என்னவோ ஆரம்பத்திலிருந்தே இருந்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும். பிறகு இரண்டு மூன்று தடவை தண்ணீராகப் போகும். பள்ளி மூடியிருந்த வரை அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, வீட்டில் கழிவறை பத்தடி தூரம்தான். 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேல்வகுப்புகள் திறந்தபோதுதான் நிலைமை புரிந்தது. எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கான கழிவறை மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. பாடம் நடக்கும்போது வயிறு கலக்கினால் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பிறகு காலையில் சாப்பிடுவதையே விட்டேன். மதியம் டப்பாவைத் திறந்து நாலு வாய் தயிர்சாதம். "டீச்சர், செமயா இளைச்சிட்டீங்க, என்ன டயட்டு?" என்று சக ஆசிரியைகள் கேட்டார்கள். 58 கிலோவிலிருந்து 47க்கு வந்திருந்தேன்.

அப்பத்தா தொக்கம் எடுக்கச் சொன்னார். சோறு எங்கோ சிக்கிக்கொண்டது என்று அவர் மனதில். ஊரில் எல்லாருக்கும் இருக்கும் அதே "அல்சர்" உனக்கும் என்றார் மாமா. திண்டுக்கல்லில் பார்த்த ஒரு டாக்டர், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு டென்ஷன் என்று சொல்லி, ஐபிஎஸ் என்று எழுதினார். ஐபிஎஸ் என்பது குடலில் புண்ணோ அழற்சியோ இல்லாமல் அதன் இயக்கம் மட்டும் கோளாறாகும் நிலை. தொந்தரவு நிஜம், ஆனால் எடை கரையாது, ரத்தம் குறையாது, காய்ச்சல் வராது. எனக்கு மூன்றும் இருந்தது. சாயங்காலமானால் உடம்பு லேசாகக் கொதிக்கும்.

2022 மே மாதம் தேர்வுப் பணி முடிந்ததும் என் கணவர் மதுரையில் ஒரு கேஸ்ட்ரோ டாக்டரிடம் அழைத்துப் போனார். போவதற்கு முந்தைய இரவு உட்கார்ந்து, கோடு போட்ட முழுத்தாள் ஒன்றில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். இடது ஓரத்தில் மாதம், பக்கத்தில் என்ன வந்தது, அதற்கும் பக்கத்தில் யாரைப் பார்த்தேன், என்ன மருந்து. வாய்ப்புண்ணிலிருந்து பௌத்திரம் வரைக்கும் எழுதினேன். வயிற்று டாக்டரிடம் முழங்காலை எதற்குச் சொல்ல வேண்டும் என்று கணவர் கேட்டார். எதையும் விட மனம் வரவில்லை.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். தாளை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தார். பேனாவால் வாய்ப்புண், முழங்கால், கால் கட்டி, பௌத்திரம் நான்கையும் வட்டம் போட்டார். பிறகு, "டீச்சர், ராத்திரி நல்லாத் தூங்கிட்டு இருக்கும்போது வயிறு கலக்கி எழுந்து போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார், மூணு மணிக்கு ஒரு தடவை கட்டாயம் போவேன்."

"டென்ஷன்ல வர்ற வயித்துப்போக்கு பெரும்பாலும் தூங்குறவங்கள எழுப்பாது" என்றார். அதற்கு முன் யாரும் என் ராத்திரியைப் பற்றிக் கேட்டதில்லை. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா, பீடி சிகரெட் புகை உண்டா, வலி மாத்திரை எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். படுக்க வைத்து வலப்பக்கம் அடிவயிற்றை அழுத்தினார், ஏதோ திரண்டு தட்டுப்படுவதாகச் சொன்னார். போனில் இருந்த கால் கட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கிரோனும், அதன் உடன்பிறப்பான அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் குடலில் நடக்கும் நோய்கள் என்றாலும், அவற்றின் பின்னால் இருப்பது நோய் எதிர்ப்பு சக்தியில் வரும் குளறுபடிதான். அது சொந்தக் குடலையே தாக்குகிறது. அந்த அழற்சி மூட்டிலும் தோலிலும் கண்ணிலும் வாயிலும் தலைகாட்டும். ஒரே காரணத்துக்கு இத்தனை டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன் என்று அந்த அறையில்தான் தெரிந்தது.

முதலில் ரத்தம், மலம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஏறியிருந்தது, ரத்தப் புரதமான ஆல்புமின் குறைந்திருந்தது, பி12 அடிமட்டத்தில். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 உறிஞ்சப்படுகிறது, அங்கே புண் இருந்தால் அது குறையும் என்றார். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. மூடியிலேயே சின்னக் கரண்டி வைத்த டப்பா தருவார்கள், பட்டாணி அளவு போதும். குடலில் அழற்சி இருந்தால் அங்கே கூடும் வெள்ளை அணுக்களிலிருந்து வரும் புரதம் இது. 50க்குக் கீழே இருந்தால் பொதுவாக நிம்மதி. 250ஐத் தாண்டினால் குடலுக்குள் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு 860. இரண்டாயிரத்துக்கு மேல் செலவானது, எங்கள் ஊர் லேபில் எடுக்கவில்லை, மதுரையில்தான் கொடுத்தேன். ஐபிஎஸ்ஸா, அழற்சியா என்று பிரித்துப் பார்க்க இவ்வளவு எளிய வழி இருக்கிறது என்பது வயிற்றுப்போக்கால் வருடக்கணக்கில் அவதிப்படும் எல்லாருக்கும் தெரிய வேண்டும். சாதாரணக் கிருமித் தொற்றிலும் வலி மாத்திரையாலும்கூட இது ஏறும், ஆகவே இது மட்டுமே தீர்ப்பு ஆகாது.

அடுத்தது கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுக் குடலுக்குள் பார்ப்பது. பயந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: குழாய் போடுவது பெரிதாகத் தெரியாது, ஊசியில் மயக்கிவிடுவார்கள். முந்தைய சாயங்காலம்தான் உண்மையான கஷ்டம். குடலைச் சுத்தம் செய்யும் பெக்லெக் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி, கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடிக்க வேண்டும். உப்புக் கரிக்கும் ஆரஞ்சு வாடை. நான் பானையில் குளிர வைத்து, ஒவ்வொரு டம்ளருக்குப் பிறகும் எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டேன். கடைசியில் தெளிந்த மஞ்சள் தண்ணீராகப் போனால்தான் குடல் சுத்தம் என்று அர்த்தம். இரும்பு மாத்திரையைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், அது குடல் சுவரில் கருப்பாக ஒட்டிக்கொள்ளுமாம். நீங்கள் போவதானால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பெருங்குடலோடு நிறுத்தாமல் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் போய்ப் பார்த்துச் சதைத்துணுக்கு எடுப்பீர்களா என்று. கிரோன் பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான். எனக்கும் பெருங்குடல் முக்கால்வாசி சுத்தமாக இருந்தது. சிறுகுடல் வந்து சேரும் வாசலிலும் அதற்கு உள்ளேயும்தான் புண்கள். கலர் படத்தில் இளஞ்சிவப்புச் சுவரில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

பயாப்ஸி, அதாவது சதைத்துணுக்கின் பரிசோதனை முடிவு வந்தது. இனிமேல் பெயர் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதில் "கிரானுலோமா காணப்படுகிறது, கிரோன் நோயாகவோ காசநோயாகவோ இருக்கலாம்" என்றிருந்தது. கிரானுலோமா என்பது அழற்சி அணுக்கள் திரண்டு உண்டாகும் சிறு முடிச்சு.

குடலுக்கு டிபி வரும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. நம் நாட்டில் இது சர்வசாதாரணம் என்றார் டாக்டர். இரண்டும் உட்காரும் இடம் ஒன்றே, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலை. இரண்டிலும் எடை குறையும், மாலைக் காய்ச்சல் வரும், வயிறு இழுக்கும், மைக்ராஸ்கோப்பில் கிரானுலோமா தெரியும். டிபியில் அந்தக் கிரானுலோமா பெரிதாக, நடுவில் தயிர்க்கட்டிபோல் அழுகி இருக்க வேண்டும், ஆனால் எல்லாத் துணுக்கிலும் அது அகப்படாது. கிருமியும் குடல் சதையில் அவ்வளவு சுலபத்தில் சிக்காது. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனையில் எனக்குக் கிருமி இல்லை, ஆறு வாரம் வளர்த்துப் பார்த்த கல்ச்சரிலும் இல்லை. மார்பு எக்ஸ்ரே சுத்தம். இல்லை என்று வந்ததை வைத்து டிபி கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1913இல் கிளாஸ்கோவில் டால்ஜியல் என்ற அறுவை மருத்துவர், பார்க்கக் குடல் காசநோய் போலவே இருந்தும் கிருமி கிடைக்காத நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும் தனி நோய் இது என்று கட்டுரை வெளியிட்ட பிறகுதான் முதல் பெயர்க்காரர் பேரில் அது நிலைத்தது. நூறு வருடம் கழித்து மதுரையில் என் டாக்டரும் அதே கேள்விக்கு முன்னால்தான் நின்றார்.

ஏன் நேராகக் கிரோனுக்கு மருந்து தரக்கூடாது என்று கேட்டேன். ஒரு தாளில் இரண்டு அம்புக்குறி போட்டு விளக்கினார். கிரோனுக்கு முதலில் தரும் ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும். உள்ளே டிபி இருந்தால் அது உடம்பு முழுக்கப் பரவிவிடக்கூடும். மாறாக, கிரோனுக்கு டிபி மருந்து கொடுத்தால் காலம் வீணாகும், அதற்குள் குடல் சுருங்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். எனக்கு ஸ்கேனில் எந்தப் பக்கமும் உறுதியாகச் சாயவில்லை. முதலில் டிபி மருந்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி உள்ளே பார்ப்பது என்று முடிவானது. "வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்துகூடப் பிரியலைன்னா ராத்திரின்னு பார்க்காம வந்துடுங்க" என்று எச்சரித்தார்.

டிபி மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. சுகாதாரப் பணியாளர் அக்கா வாரம் தவறாமல் போன் செய்வார். முதல் நாளே சிறுநீர் செம்பருத்தி நிறத்தில் போனதைப் பார்த்துத் திக்கென்றது. ரிஃபாம்பிசின் மாத்திரையின் வேலை அது, பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த அக்காதான் சிரித்துக்கொண்டே சொன்னார். டிபி என்ற பெயர் வந்ததும் வீட்டில் என் டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். நுரையீரலில் இல்லை, இருமலில் பரவாது என்று டாக்டரே என் மாமியாரிடம் போனில் பேசினார். "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, மறுநாளே டம்ளரைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார்.

முதல் மாதம் கொஞ்சம் தெளிச்சி இருந்தது. காய்ச்சல் விட்டமாதிரிகூடத் தோன்றியது. கிரோன் உள்ளவர்களுக்கும் டிபி மருந்தில் இப்படித் தற்காலிகமாக நன்றாக இருப்பதுபோல் தோன்றுவதுண்டு, அதனால் நோயாளி நன்றாக இருக்கிறேன் என்பதை மட்டும் நம்பக்கூடாது என்பது டாக்டரின் கட்சி. அது சரியான கட்சி. சிஆர்பி இறங்கவே இல்லை. பௌத்திரத் துளையில் மறுபடி சீழ் வைத்தது. இரண்டாவது கொலோனோஸ்கோப்பியில் புண்கள் ஆறாமல், குடலின் நீளவாக்கில் கோடு போட்டதுபோல் இன்னும் ஆழமாக ஓடின. டிபி என்றால் இந்நேரம் ஆறத் தொடங்கியிருக்கும். புதிய துணுக்குகளிலும் கிருமி இல்லை. அப்போதுதான், "இது கிரோன்தான் டீச்சர். இனிமே சரியான மருந்துக்குப் போகலாம்" என்றார். வாழ்நாள் முழுக்கக் கூட வரும் நோய் என்று சொன்னார். எனக்கு அன்று அழுகை வரவில்லை, பெயர் கிடைத்ததில் பெரிய ஆறுதல்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு கொஞ்ச காலம், கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதியோப்ரின் மாத்திரை, பௌத்திரத்துக்காக அதேபோல் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அடலிமுமாப் ஊசி. இந்த ஊசி உறங்கும் டிபியை எழுப்பக்கூடியது என்பதால் அதற்கும் முன்னால் ஒரு சுற்று டிபி பரிசோதனை. இப்போது 55 கிலோ. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறேன்.

என் ஒன்றுவிட்ட தம்பிக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அவனுக்கு அடையாளங்கள் வேறு. மலத்தோடு ரத்தமும் சளியும் கலந்து வரும், அவசரமாக ஓடினால் கொஞ்சம்தான் போகும், போய் வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பதுபோலவே இருக்கும். அவனுக்கு மூலம் என்று சொல்லி வெகுநாள் களிம்பு கொடுத்தார்கள். மூலத்தில் பொதுவாக மலத்தின் மேலோ கடைசியிலோ சொட்டாக ரத்தம் வரும். தண்ணீராகப் போய், அதோடு ரத்தமும் சளியும் கலந்திருந்தால், அதை மூலம் என்று யார் சொன்னாலும் குடலுக்குள் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான் எழுதியதுபோல ஒரு தாள் நீங்களும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது, ராத்திரி எழுந்து போகிறீர்களா, ரத்தமா சளியா, எடை எப்போது எவ்வளவு இருந்தது, காய்ச்சல், வாய், மூட்டு, தோல், கண் சிவந்து கூசியதா, ஆசனவாய்ப் பக்கம் என்ன நடந்தது, குடித்த நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்தும். வெட்கமாக இருந்தால் பேச வேண்டாம், தாளை நீட்டினால் போதும். பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் தொடங்கும் நோய் இது, ஆனால் குழந்தைகளுக்கும் வரும். அவர்களுக்கு வயிற்றுப்போக்கே இல்லாமல், வளர்த்தி நின்றுபோவதுதான் முதல் அடையாளமாக இருக்கலாம். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் உயர்ந்துபோக, ஒரு பிள்ளை மட்டும் இரண்டு வருடமாக அதே உயரத்தில், சோகை பிடித்து, அடிக்கடி வயிற்றுவலி என்று லீவு போட்டால், "அவங்க அப்பாவும் குட்டைதான்" என்று விட்டுவிடாதீர்கள். பள்ளியில் பிள்ளைகளின் உயரமும் எடையும் எழுதி வைக்கிறோம். வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு அந்த எண்களை வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.